பெண்கள் பக்கத்துப் பலகைகள்

செபித்தர்ரே,
நவம்பர் 2, 1986

அன்புத் தம்பி கியூமர்ஸுக்கு அக்கா மாஹ்மனிர் எழுதுவது.

சலாம். நீ சுகமா? எங்களைக் கேட்டால், உன்னைப் பார்க்காத குறையைத் தவிர வேறு குறை சொல்ல நாக்கு வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. கேட்க ஆள் கிடைத்தால் கொஞ்சம் குறைகிறது. பனி: வடக்குச் சரிவில் கணுக்கால் அளவு. ஊருக்குள் இன்னும் மண் தெரிகிறது.

ஒரு சேதி. போன வருடம் பனிச்சறுக்குச் சரிவுக்கு மேலாளராக வந்தாரே தவக்குலி, ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று சரிவின் நடுவே கயிறு கட்டி, தேநீர்க் குவளை வரைக்கும் தனித்தனியாக்கிய அதே ஆள், இந்த வருடம் புதிதாக ஓர் அறிவிப்பு எழுதி மாட்டியிருக்கிறார். பெண்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் சறுக்குப் பலகைகள் பழையவை, ஆபத்தானவை. ஆகவே சரிவின் உச்சிக்கு ஏற்றிவிடும் பெண்கள் பக்க லிஃப்ட் இந்தக் குளிர்காலம் ஓடாது.

நேரே போய்க் கேட்டேன்.

“பழசுன்னா சரி பண்ணிக்கலாமே ஹாஜி?”

“பலகை உடைஞ்சு ஒரு பொண்ணு கால் போச்சுன்னா யாரு பதில் சொல்றது சகோதரி?”

“ஆம்பிளைங்க பலகைக்கும் அதே வயசுதான். அவங்க கால் என்ன இரும்பா?”

லிஃப்ட் ஓட்டும் மஷ்தி ஸஃபர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தவக்குலிக்கு முகம் சிவந்துவிட்டது.

“சரி. பத்து ஜோடி கொண்டு வாங்க. பத்தும் பாதுகாப்பா இருந்தா லிஃப்டைத் திறக்கறேன்.”

“மஷ்தி, கேட்டீங்கல்ல?” என்றேன். “காது இருக்கும்மா” என்றார் அவர்.

சண்டை நடக்கிற நாட்டுக்குள் புதுப் பலகை ஒன்றுகூட வராது என்று தெரிந்துதான் தவக்குலி அப்படிச் சொன்னார். ஆனால் லிஃப்ட் கொட்டகைக்குப் பின்னால் உடைந்த பலகைகள் ஒரு குவியல் கிடக்கின்றன. கேட்டேன். குப்பை ஒழிந்தால் சரி என்று தவக்குலி விட்டுவிட்டார். முப்பத்தொன்று, எல்லாம் ஒற்றை ஒற்றையாக. உன் அத்தான் யதுல்லா தன் மினிபஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார். வீட்டு வாசலில் இறக்கும்போது, “விறகுன்னு சொல்லிக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சரிவில் நான் பத்து வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவள். ஒரு வருடம் மூடிய கதவை அடுத்த வருடம் சுவர் என்றுதான் சொல்வார்கள். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

நீ இங்கே ஹோட்டலில் பலகை பழுது பார்த்தவன். அங்கேயும் அதே வேலையில் இருப்பவன். எப்படித் தொடங்குவது என்று எழுது. அடிப்பக்கக் கீறலை நிரப்பும் பிளாஸ்டிக் குச்சி கிடைத்தால் அனுப்பு. அம்மா உன் கண்களில் முத்தமிடுகிறாள்.

உன் அக்கா, மாஹ்மனிர்

*

ஆஸ்திரியா,
நவம்பர் 24

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

சலாம். உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். அத்தான், அம்மா, எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் வேலைக்குக் குறைவில்லை. முதலாளி மோசமானவர் இல்லை. வேலை செய்யும் இடம் சூடாக இருக்கிறது.

அக்கா, வேண்டாம். தம்பி வெளிநாட்டில் தங்கிவிட்டான் என்று உங்கள் வீட்டின்மேல் ஏற்கெனவே ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கிறது. அதன்மேல் நீ இன்னொன்றை வைக்காதே. தவக்குலி மாதிரி ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஒரு குளிர்காலம் பொறுத்துக்கொள். பிளாஸ்டிக் குச்சி அனுப்ப வழியில்லை. பார்சலைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

நான் சொன்னால் கேட்கமாட்டாய் என்று தெரியும். ஆகவே இது: நிறத்தைப் பார்த்து ஜோடி சேர்க்காதே. இரண்டு பலகைகளின் அடிப்பக்கங்களை ஒன்றோடொன்று வைத்து நிறுத்து. நடுவில் ஓர் இடைவெளி தெரியும். ஒரே கையால் பிடித்து அமுக்கு. இரண்டும் ஒரே அளவு வளைந்து, ஒரே நேரத்தில் இடைவெளி மூடினால் அவை ஜோடி. ஒன்று முந்திக்கொண்டால் பிரித்துவிடு. நிறம், பெயர், நாடு எதையும் பார்க்காதே.

அம்மாவின் கைகளை முத்தமிடுகிறேன்.

கியூமர்ஸ்

*

செபித்தர்ரே,
டிசம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

சலாம். எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்காலோடு இப்போது முதுகும் சேர்ந்துகொண்டது. பனி: முழங்கால் அளவு, மேலே தூள், அடியில் பிடிப்பு இல்லை. தெற்குச் சரிவில் ஒருமுறை சரிந்தது, யாருக்கும் ஒன்றுமில்லை.

உன் கடிதத்தின் முதல் பகுதியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இரண்டாம் பகுதியைச் சுவரில் ஒட்டினேன்.

அமுக்கிப் பார்த்ததில் பதின்மூன்று ஜோடி தேறின. ஒரு ஜோடியில் இடது சிவப்பு, வலது நீலம். யதுல்லா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ரெண்டும் எப்படிடி சேரும்?”

“நாம எப்படிச் சேர்ந்தோம்? அப்படித்தான்.”

வால் பிளந்த பலகைகளுக்குள் பசை தடவி, மினிபஸ் ஜாக்கியால் உத்தரத்துக்கும் தரைக்கும் நடுவே நெருக்கி வைத்தோம். ஆனால் குளிரில் பசை இறுகவில்லை. மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது, அறையைச் சூடாக்க முடியாது. கடைசியில் பலகைகளை மரத்துண்டுகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, கொர்ஸிக்குள் படுக்க வைத்தேன். கணப்பின் மேல் தாழ்வான மேசை, அதன் மேல் மெத்தை, அதற்குள் நாங்கள் கால் நீட்டிப் படுக்கும் இடம். இப்போது அங்கே பலகைகள் தூங்குகின்றன. அம்மா சொல்கிறாள்: “பெத்த புள்ளைக்குக்கூட இந்த எடத்தை விட்டுக்குடுத்ததில்ல. யாரு வீட்டுப் பலகையோ வந்து படுத்திருக்கு.”

அடிப்பக்கக் கீறல்கள்தான் தோல்வி. சமையல் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேனை வெட்டி உருக்கி ஊற்றினேன். கரி மாதிரி கறுப்பாக விழுந்தது. மறுநாள் நகத்தால் தொட்டதும் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. என்ன தவறு?

அங்கே பனி எவ்வளவு? எழுத மறந்துவிட்டாய்.

மாஹ்மனிர்

*

ஆஸ்திரியா,
ஜனவரி 3, 1987

அக்காவுக்கு,

சலாம். நான் நலம். உங்கள் நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன். இங்கே எல்லாம் வழக்கம் போல.

எண்ணெய் கேனை யாராவது எடுப்பார்களா? பிளாஸ்டிக் ஊறிப்போயிருக்கும். தண்ணீர் வைத்த வெள்ளைக் கேன் தேடு. சோப்புப் போட்டுக் கழுவி, விரல் அகலத்துக்கு நீளநீளமாக வெட்டிக்கொள். கீறலுக்குள் கத்தி முனையால் சொரசொரப்பாக்கு. பலகையைக் கொஞ்சம் சூடாக்கு. குளிர்ந்த பலகை எதையும் ஏற்றுக்கொள்ளாது. குச்சியைப் பற்றவைத்ததும் முதல் சொட்டுகளை ஒரு தகரத்தில் விழ விடு. பிறகு நுனியைக் கீறலுக்கு மிக அருகில் கொண்டுபோ. சுடர் மஞ்சளாக இருந்தால் கரி விழும். நீலமாகச் சுருங்கினால்தான் ஊற்ற வேண்டும். கீறல் வாய்க்கு மேலே கொஞ்சம் மேடு கட்டும்வரை ஊற்று. முழுக்க ஆறட்டும். அவசரப்பட்டுச் சீவினால் மொத்தமும் கையோடு வந்துவிடும்.

விளிம்பு இரும்பு உடைந்த இடத்தில் ரம்பத் தகட்டை வெட்டிப் பதிக்கலாம். திருகு நிற்காமல் சுற்றும் துளையில் வாதுமை மரச் சில்லைப் பசையோடு அடி.

காலணியைப் பலகையோடு பிடிக்கும் பூட்டுகளை மட்டும் சாதாரணமாக நினைக்காதே. விழும்போது அவை காலணியை விட்டாக வேண்டும். விடாவிட்டால் கால் போகும். தவக்குலி சொன்னது அதில் மட்டும் உண்மை. ஸ்பிரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு நீக்கு. போடுகிறவர் எடைக்குத் தகுந்தபடி முறுக்கு.

இதை எழுதும்போது கை தானாக அரத்தைத் தேடுகிறது அக்கா.

கியூமர்ஸ்

*

செபித்தர்ரே,
ஜனவரி 22

அன்புத் தம்பிக்கு,

சலாம். நாங்கள் நலம். தலைநகரில் குண்டு விழுகிறது என்று யதுல்லாவின் தங்கை குடும்பம் வந்து எங்களோடு இருக்கிறது. பனி: இடுப்பளவு. மூன்று நாளாக மேகமில்லை.

நீலச் சுடர் வந்துவிட்டது. வெள்ளைக் கேனுக்கு ஊர்ப் பெண்கள் எல்லோரும் வீட்டைக் குடைந்தார்கள். கீறல் இருந்த இடத்தைக் கண்ணை மூடித் தடவினால் தெரியவில்லை. எட்டு ஜோடி முடிந்தது.

பூட்டு முறுக்கத்தான் பெரும்பாடு. மஷ்தி ஸஃபரின் மனைவி தூபாவிடம் எடை கேட்டேன்.

“என் எடையை என் புருஷன்கிட்டயே சொன்னதில்ல. உன்கிட்ட சொல்லணுமா?”

“பூட்டு விடாட்டி காலு போயிடும் தூபா.”

“ஒரு காலு போனா எடை கொறையும்ல? அப்ப வந்து சொல்றேன்.”

கடைசியில் ரொட்டிக்கடையில் மாவு மூட்டை நிறுக்கும் தராசில், ரொட்டிக்காரனை வெளியே அனுப்பிவிட்டு, சறுக்கப் போகும் பத்துப் பெண்களும் ஒவ்வொருவராக ஏறி நின்றோம். எண்ணைப் பார்த்தது நான் மட்டும்தான். என்னோடு கல்லறைக்கு வரும்.

வெளியே வரும்போது தவக்குலி ரொட்டி வாங்க நின்றிருந்தார். “என்ன சகோதரி, விறகு நல்லா எரியுதா?” என்றார். “எரியுது ஹாஜி. உங்களுக்குச் சூடு படலையா?” என்றேன். வெளியே காத்திருந்த யதுல்லா என் முக்காட்டு முனையைப் பிடித்து இழுத்தார். வீட்டுக்கு வந்து திட்டினார். பிறகு அவரே உட்கார்ந்து நான்கு ஸ்பிரிங் துடைத்தார்.

இன்னொன்று. உன் உறையின் முத்திரையில் வியன்னா என்று இருக்கிறது. முதல் உறையிலும் அப்படித்தான். வியன்னாவில் சறுக்குச் சரிவு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது மட்டுமில்லை. செபித்தர்ரேயில் பிறந்தவன் குளிர்காலத்தில் இரண்டு கடிதம் எழுதி, இரண்டிலும் பனியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ சாப்பிடுகிறாயா? அதை மட்டும் எழுது.

மாஹ்மனிர்

*

வியன்னா,
பிப்ரவரி 10

அக்கா,

சலாம்.

பனி: தெருவோரத்தில் கறுப்பாக, வண்டிச் சேற்றோடு. மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிடும்.

சாப்பிடுகிறேன். தட்டுக் கழுவுகிறவனுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை.

நம் ஊர்ப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவரைச் சந்தித்தேன். அவரிடம் பிளாஸ்டிக் குச்சிகளும் இரண்டு அரங்களும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்று இனி எழுத மாட்டேன். பத்தையும் முடி.

கியூமர்ஸ்

*

செபித்தர்ரே,
பிப்ரவரி 18

தம்பிக்கு,

சலாம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. நான் கேட்டது தவறா? நலமாக இரு, போதும். பனி: நல்ல பனி.

திங்கட்கிழமை பத்து ஜோடியும் கொண்டுபோனோம். தவக்குலி ஒவ்வொரு பூட்டிலும் ஒரு காலணியை மாட்டி, பக்கவாட்டில் கையால் குத்திப் பார்த்தார். பத்து ஜோடியும், இருபது பூட்டும். எல்லாம் விட்டன. விளிம்பில் கட்டைவிரல் நகத்தைச் சீவிப் பார்த்தார். சீவல் வந்தது.

“நின்னு பாக்கறது வேற, ஓட்டிப் பாக்கறது வேற” என்றார்.

லிஃப்ட் ஓடவில்லை. பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கத்தில் நடந்து ஏறினோம். இடுப்பளவு பனியில் உச்சிக்குப் போக மத்தியானத் தொழுகை நேரமாகிவிட்டது. தூபா வழியெல்லாம் தவக்குலியின் ஏழு தலைமுறையையும் விசாரித்துக்கொண்டு வந்தாள். பிறகு இறங்கினோம், கியூமர்ஸ். ஒருவர் பின் ஒருவராக, பத்துப் பேர், ஒரே தடத்தில். யாரும் விழவில்லை. சிவப்பும் நீலமும் என் காலில் இருந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பின.

கீழே வந்து நின்றதும் தவக்குலி குனிந்து பலகைகளைத் தட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆம்பிளைங்க பக்கம் வெள்ளிக்கிழமை லீவுக் கூட்டம் தாங்கல. பலகை பத்தல. இதை அங்க சேத்துக்கறேன்.”

“எங்க லிஃப்ட்?”

“உங்ககிட்டதான் பலகை இல்லையே சகோதரி. அப்புறம் லிஃப்ட் எதுக்கு?”

பலகைகள் சரிவுக்குச் சொந்தமானவை. நான் குப்பையில் எடுத்தவை. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தூபா பனியில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை.

கொர்ஸிக்குள் இப்போது கால் நீட்ட இடமிருக்கிறது. அதில் கால் நீட்ட எனக்குப் பிடிக்கவில்லை.

மாஹ்மனிர்

*

வியன்னா,
மார்ச் 4

அக்கா,

சலாம் சொல்லக்கூடப் பொறுமை இல்லை. உன் கடிதத்தைப் பாத்திரங்களுக்கு நடுவே நின்று படித்தேன். தொட்டியில் தண்ணீர் வழிந்ததைக் கவனிக்கவில்லை. முதலாளி கத்தினார். நானும் கத்தினேன்.

பலகை அவர்களுடையது என்றால் இருக்கட்டும். வேலை உன்னுடையது. கொட்டகையின் பின் ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. உள்ளே போய்ப் பூட்டுகளையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்துவிடு. வெறும் கட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் பார்ப்போம். அத்தானை அனுப்பு. பயந்தால் நான் வந்து செய்கிறேன்.

கியூமர்ஸ்

*

செபித்தர்ரே,
மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

சலாம். எல்லோரும் நலம். அம்மா இரண்டு நாளாக எந்த வலியைப் பற்றியும் பேசவில்லை. பனி: மேலே மூன்றடி, காலையில் கெட்டி, மத்தியானம் வெண்ணெய்.

உன் பிப்ரவரிக் கடிதமும் குச்சிகளும் அரங்களும் சேர்ந்தாற்போல் வந்தன. அந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. ஆனால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். தலைநகரிலிருந்து நல்ல கூட்டம். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மீசை முளைத்தும் முளைக்காத ஒருவன் சிவப்பு ஒரு காலிலும் நீலம் ஒரு காலிலுமாக லிஃப்டுக்கு வந்தான். மஷ்தி ஸஃபர் கையை நீட்டி மறித்தார்.

“நில்லு தம்பி. இது பொம்பளைங்க பலகை.”

“பலகையில என்ன மாமா ஆம்பிளை, பொம்பளை?”

“எனக்கென்ன தெரியும்? ஹாஜி போட்ட சட்டம். அந்தப் பக்கத்துச் சாமான் இந்தப் பக்கம் வரக்கூடாது. டீ கிளாசே தனித்தனி. போன மாசம் கிளாசு மாறிப்போச்சுன்னு என் சம்பளத்துல பிடிச்சாங்க. பலகைக்குப் பிடிச்சா நான் எங்க போறது?”

அவன் பின்னால் இன்னும் ஒன்பது பேர் அதே பலகைகளில். வரிசை நின்றுவிட்டது. தவக்குலி ஓடிவந்தார்.

“ஸஃபர்! ஏத்துய்யா!”

“ஏத்தறேன் ஹாஜி. போன மாசம் ஒரு திங்கக்கிழமை பத்துப் பொம்பளைங்க இதுல கால் வெச்சு எறங்கினாங்க. நீங்களே நின்னு பாத்தீங்க, நானும் பாத்தேன். அதுல அந்நிய ஆம்பிளைங்க கால் வெக்கலாம், தப்பில்லன்னு இத்தன பேர் முன்னாடி உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே ஏத்தறேன்.”

தவக்குலி கயிற்றைத் திரும்பிப் பார்த்தார். தப்பில்லை என்று சொன்னால் கயிறும் குவளையும் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். வரிசையில் ஒரு பெரியவர், “எனக்கு வேண்டாம்ப்பா இந்த வம்பு” என்று பூட்டை மிதித்து இறங்கினார். அடுத்தவரும் இறங்கினார். பூட்டுகள் ஒவ்வொன்றாக டக் டக் என்று விட்டன. நான் முறுக்கியவை, அவ்வளவு சுத்தமாக விட்டன. இருபது பலகைகள் பனியில் குத்தி நிற்க, பத்து ஆண்கள் காலணியோடு கொட்டகைக்கு நடந்தார்கள். மொத்தக் கூட்டமும் சிரித்தது.

மத்தியானத்துக்குள் அவர் கேட்ட பத்து ஜோடியும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பெண்கள் லிஃப்ட் ஓடுகிறது, வாரத்தில் இரண்டு நாள்.

மஷ்திக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யதுல்லா கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு முந்தின வியாழக்கிழமை தூபா எங்கள் வீட்டில் தேநீர் குடித்தாள். அவ்வளவுதான்.

மாஹ்மனிர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உன் மார்ச் கடிதம் வந்தது. நான் முறுக்கிய திருகை நானே திருடுவதா? போடா.

*

வியன்னா,
மார்ச் 29

என் அக்காவுக்கு,

சலாம், வசந்தத்தோடு பிறந்த புது வருட வாழ்த்துகள். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

பாத்திரம் கழுவும் பையன்களுக்கு உன் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒருவன் துருக்கிக்காரன், ஒருவன் யுகோஸ்லாவியன். மஷ்தி ஸஃபர் மாதிரி இருமிக் காட்டினேன். மூன்று தட்டு உடைந்தது.

மறுநாள் ஞாயிறு. ரயில் ஏறி மலைக்குப் போனேன். பலகை பழுது பார்க்கும் கடையில் வேலை கேட்டேன். அரைகுறை ஜெர்மன். “சான்றிதழ் இருக்கிறதா?” என்றார்கள். இல்லை என்றேன். அப்படியானால் வேலையும் இல்லை என்றார்கள். அந்தத் தெருவில் அப்படி ஆறு கடைகள். மூன்றில் கேட்டாகிவிட்டது. மீதி மூன்றையும் அடுத்த ஞாயிறு கேட்பேன். அதற்குள் சீசன் முடிந்துவிடும் என்கிறான் துருக்கிக்காரன். அடுத்த குளிர்காலத்துக்குக் கேட்கிறேன் என்றேன்.

தவக்குலி இப்போது என்ன சொல்கிறார்?

கியூமர்ஸ்

*

செபித்தர்ரே,
ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

சலாம். உனக்கும் புது வருடம் நல்லதாக அமையட்டும். இந்த முறை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்; ஒருநாள் முழுக்க அந்தக் கடைகளைத் திட்டினாள். நீ போகாத மூன்றையும் முன்கூட்டியே திட்டிவைத்திருக்கிறாள். பனி: ஊருக்குள் கரைகிறது. மேலே இன்னும் இரண்டடிக்குக் குறைவில்லை.

தவக்குலி என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறாய். நேற்று அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். பின்னால் ஒரு வண்டி. அதில் ஆண்கள் பக்கத்துப் பலகைகள், நாற்பது ஜோடி. விளிம்பு பெயர்ந்தது, வால் பிளந்தது, பூட்டு துருவேறியது. வெள்ளிக்கிழமை ஒருவன் விழுந்து, பூட்டு விடாமல், முட்டி திரும்பிவிட்டதாம்.

“சகோதரி, நீங்கதான் இதைப் பாத்துக் குடுக்கணும்.”

“பாக்கலாம் ஹாஜி. எறக்குங்க.”

ஆட்கள் சுவரோரமாக இறக்கினார்கள். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது.

“எப்ப கிடைக்கும்?”

“எங்க லிஃப்ட் வாரத்துல எத்தன நாள் ஓடுது?”

“ரெண்டு நாள்... உங்களுக்கே தெரியுமே.”

“ஆம்பிளைங்களுக்கு?”

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்களுக்கு வாரத்துல நாலு நாள் ஆகட்டும் ஹாஜி. நாலாவது நாள் நான் மேல போய் எறங்கி வந்ததும் முதல் பலகையைக் கையில எடுக்கறேன்.”

“இது மெரட்டலா?”

“இல்ல ஹாஜி. கை ரெண்டுதானே இருக்கு. சறுக்கிட்டு வந்தாதான் வேலை ஓடும்.”

யதுல்லா இந்த முறை என் முக்காட்டை இழுக்கவில்லை. உள்ளே போய் தேநீர் எடுத்துவந்து தவக்குலிக்குக் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். ஒரே தட்டில் வைத்துத்தான்.

இன்று காலை தவக்குலி வேலைக்குப் போகும் வழியில் நம் சுவரோரம் நின்றார். பனியில் சாய்ந்து நிற்கும் தன் நாற்பது ஜோடியையும் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நான் ஜன்னலில்தான் இருந்தேன். கையில் அரம் இல்லை, ரொட்டிதான் இருந்தது. மெல்ல மென்று முடித்தேன்.

மாஹ்மனிர்